அண்ணன் வீட்டு ஜக்குஸி

என் அண்ணனுக்குப் போர்வெல் ரிக் தொழில். திருச்செங்கோட்டில் வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து அவன் வாயில் ஒரே வார்த்தைதான்: ஜக்குஸி. சுடுதண்ணீர் சுழலும் குளியல் தொட்டி வைக்கப்போகிறானாம். பால்காரரைக்கூட விடமாட்டான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி என்னதான் அர்த்தம் என்று போனில் தேடினேன்.

அது ஒரு குடும்பத்தின் பெயராம். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், கிணற்றுப் பம்பு செய்து விற்ற சகோதரர்கள். அவர்களில் ஒருவருடைய மகனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டுவாதம். பிள்ளையின் வலி குறையட்டும் என்று, தொட்டித் தண்ணீரைச் சுழற்றிவிடும் பம்பு ஒன்றை அவர் செய்தார். பிறகு குடும்பப் பெயரே தொட்டிக்கும் பெயராகிவிட்டது.

படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அதே மூட்டுவாதத்தோடு எங்கள் அம்மா அவனோடுதான் இருக்கிறாள். தொட்டியோ மாடியில். தண்ணீர் வடகிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னாராம். கீழே அந்த மூலையைப் பூஜை அறை பிடித்துக்கொண்டது. படியேற முடியாத அம்மாவின் நினைப்பு ஒருத்தருக்கும் வரவில்லை.

புதுமனை புகுவிழா அன்று சொந்தபந்தமெல்லாம் தொட்டியைப் பார்க்க மாடியேறியது. “அந்தச் சுடுதண்ணியில ஒருக்கா காலை உட்டுப் பாக்கோணும் சாமி” என்றாள் கீழே என்னோடு இருந்த அம்மா. வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை அவள். நான் அண்ணனிடம் போனேன்.

“அம்மாவச் சேரோட மேல தூக்கியாரலாமுங்ணா.”

“வந்தவிய முன்னால இதென்ன கூத்து? நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“வலியில கெடந்த பையனுக்காகத்தானுங்ணா அதையே உண்டாக்குனாங்க. தெரியுமா உங்களுக்கு?”

“உன்ற ஆராய்ச்சியெல்லாம் உன்ற ஊட்டுல வெச்சுக்க” என்று விருந்தாளிகள் பக்கம் திரும்பிவிட்டான். கல்நெஞ்சன்.

மறுநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவைப் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, படிக்குப் படி நிறுத்தி நிறுத்தி மேலே தூக்கிப்போனோம். குலுங்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“தண்ணி நின்னாக் கறை புடிக்குமுன்னு ராத்திரியே தொறந்து உட்டுட்டேன்” என்றான் அண்ணன், பல் துலக்கிக்கொண்டே. ஊரெல்லாம் துளை போடுகிறவன் வீட்டுப் போரில் தண்ணீர் கிடையாது. விழாவுக்கு நிரப்பியது லாரித் தண்ணீர். மறுபடி லாரி எப்போது வரும் என்று அவன் சொல்லவில்லை.

நான் கத்தத் தொடங்கினேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மெல்ல நகர்ந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, வீங்கிய கால்கள் இரண்டையும் அந்த வெறும் தொட்டிக்குள் இறக்கினாள்.

“போதுஞ் சாமி, நல்லா இதமாத்தான் இருக்குது” என்றாள் அண்ணனைப் பார்த்து.