ஒரு பக்கம் சீவிய மின்னல்

என் சித்தப்பாவுக்குத் தொழிற்சாலையில் 'மின்னல்' என்று பெயர். வைத்தவர் மேனேஜர். வீட்டிலும் நாங்கள் அப்படியே கூப்பிட வேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஆசை.

வண்டிகளின் பிரேக் பேடுக்கு ஓரம் சீவுவதுதான் அவர் வேலை. பேடின் இரண்டு முனைகளையும் கல்லில் பிடித்துச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். முனை கூராக இருந்தால் பிரேக் போடும்போது கிறீச்சிடும். மற்றவர்கள் ஒரு ட்ரே முடிப்பதற்குள் சித்தப்பா இரண்டு முடிப்பார். மின்னலின் ரகசியம் இவ்வளவுதான்: ஒரு முனையை மட்டும் சீவுவார். மேல் வரிசைப் பேடுகளை மட்டும் ஒழுங்காகச் சீவி வைப்பார். சோதனை மேசையில் இருக்கும் என் அக்கா மேல் வரிசையில்தான் எடுத்துப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒருநாள் இரண்டு வண்டி நிறைய பேடு திரும்பி வந்தது. எல்லாம் கத்துகிறதாம். பழி அக்காவின் தலையில் விழுந்தது. மறுநாள் காலை பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

அன்று எங்கள் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கண்ணு வேலையில நிக்காது அண்ணி. நான் பேசிப் பாக்கறேன்."

பேசினார்தான். மறுநாள் காலை தொழிற்சாலை முற்றத்தில் மேனேஜர் அக்காவை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா பைக்கில் உள்ளே வந்து பிரேக் போட்டார். பைக் கிறீச்சென்று அலறியது. எங்கள் தெருவுக்கு அது பழகிய சத்தம். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா மின்னல், யாரு போட்ட பேடு இது?"

"என் கையால செஞ்சது சார்! வெளிப் பேடை நான் தொடவே மாட்டேன்." பெருமை முந்திக்கொண்டது.

அக்கா நிமிர்ந்தாள். "கழட்டிப் பாருங்க சார்."

கழற்றினார்கள். ஒரு முனை சாய்வாக இருந்தது. இன்னொன்று கத்தி மாதிரி.

"இன்னொரு பக்கம் ஓட ஓடத் தானா தேஞ்சிடும் சார்..."

"அப்ப நீயும் கொஞ்ச நாள் வெளிய ஓடிட்டு வா."

அக்கா சோதனை மேசைக்குத் திரும்பினாள். இப்போது ட்ரேயைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறாள். சித்தப்பா வேலையில்லாமல் திரிகிறார். பைக்குக்குக் கடையில் நல்ல பேடு வாங்கிப் போட்டுவிட்டார். சத்தமே இல்லை. அதனால் அவர் வருவது முன்கூட்டித் தெரிவதில்லை. சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வாசலில் நிற்கிறார்.