கட்டின் அடியில் கிடந்த விண்ணப்பம்

நீச்சல் குளத்து ஆபீஸில் உட்கார்ந்திருந்தவளுக்கு அங்கே வைத்த பெயர் 'துப்பறியும் அக்கா'. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க யார் முன்வந்தாலும் போலீஸ் சான்றிதழ் வேண்டும்; முன்பு இருந்த இடத்துக்கு அவளே போன் போட்டு விசாரிப்பாள். பதினோரு வருஷத்தில் மயிரிழை பிசகியதில்லை. நீச்சல் பழக்க முன்வந்த பேக்கரிக்காரரை ஆறு வாரம் காக்க வைத்தாள். "என்னம்மா, எனக்குப் பொண்ணு குடுக்கவா போறீங்க, இப்படி விசாரிக்கிறீங்க?" என்று அவர் கேட்டதற்கும், "சட்டம்னா சட்டம்தாங்க" என்றாள்.

ஆனால் பாருங்கள், மூன்று வாரத்துக்கு முன் சொந்த அக்கா புருஷன் வந்து நின்றபோது அந்தச் சட்டம் எங்கே போனதோ! வேலை மாறி வந்தவர். சான்றிதழ் சுத்தம். பழைய கிளப்பின் பெயரை எழுதியிருந்தார், போன் எண்ணுக்கான கட்டம் காலி. வேறு யாராக இருந்தாலும் விண்ணப்பத்தைத் திருப்பி விசிறியிருப்பாள். நம்ம அத்தான்தானே என்று விசாரிக்காமலே விண்ணப்பக் கட்டின் அடியில் செருகிவிட்டாள்.

இன்று சாயங்காலம் பேக்கரிக்காரர் துண்டைப் பிழிந்தபடி சும்மாதான் கேட்டார்.

"உங்க அத்தான் வந்த அன்னைக்கே தண்ணியில இறங்கிட்டாரே, எப்படிம்மா?"

சிரித்து மழுப்பினாள். ஊருக்குத்தான் உபதேசம்! பேனா மூடியைக் கடித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "எம் புருஷனையா சந்தேகப்பட்டே?" என்று கேட்டுவிட்டு அக்கா ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். கண்ணாடிக்கு அப்பால் அத்தான் ஒரு குட்டிப் பெண்ணுக்குக் கால் உதைக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷன் என்றுதான் பெற்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால்தானே விசாரிப்பதே!

கிளப்பின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். போனை எடுத்த அம்மாள், அத்தானின் பெயரைக் கேட்டதும் திருப்பிக் கேட்டாள்.

"அங்கயும் பிள்ளைங்ககூடவா இருக்காரு?"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"ஒரு பிள்ளைகிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு. பெத்தவங்க போலீஸ் வேண்டாம்னுட்டாங்க. நாங்களும் சத்தமில்லாம அனுப்பிட்டோம், பாவிங்க. யாராச்சும் போன் பண்ணிக் கேக்க மாட்டாங்களான்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன்."

மூன்று வாரம். போலீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, குளத்தின் விளிம்புக்கு ஓடினாள்.

"அத்தான், மேல வாங்க."

"இன்னும் பத்து நிமிஷம்மா, வகுப்பு முடியட்டும்."

"இப்பவே வாங்க!"

அவர் முகம் மாறியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. குட்டிப் பெண்ணைத் தூக்கித் துண்டால் போர்த்தினாள். பிள்ளை மிரண்டுபோய்க் கேட்டது.

"நான் தப்பு பண்ணிட்டேனா ஆன்ட்டி?"

"நீ இல்லடா கண்ணு. நான்தான்."