ஸ்டாப்வாட்ச்சுக்கு மரியாதை

கோவில்பட்டியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனி நூல் மில்களுக்கு உதிரி பாகம் செய்கிறது. போன வருஷம் முதலாளிக்கு ‘லீன்’ பிடித்துக்கொண்டது. வீண் நடை, வீண் வேலை, வீண் நேரம் எல்லாவற்றையும் ஒழிப்பதாம். கோயம்புத்தூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். நல்ல மனிதர். அதுதான் எரிச்சல், ஆசை தீரத் திட்டக்கூட முடியாது.

எங்கள் ஆட்களை யாராவது நின்று பார்த்தால் போதும், கையில் சாமி வந்துவிடும். டிரில்லிங் மெஷினில் கடம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா. சாதாரண நாளில் மணிக்கு அறுபது துளை போடுவார். அன்று வாட்ச் ஓடியதும் தண்ணீர் குடிக்கவில்லை, நிமிரவில்லை. எண்பத்து நாலு. “கம்பெனி மானத்தக் காப்பாத்திட்டிய!” என்று நானும் பல்லைக் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுவாரமே மணிக்கு எண்பது என்று போர்டில் ஏறிவிட்டது. முடிக்காதவர்கள் இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த அம்மாவின் புருஷன் படுத்த படுக்கை. ஐந்தரை பஸ்ஸில் இவர் போனால்தான் அவருக்குக் கஞ்சி. அதை விட்டால் அடுத்த பஸ் ஏழரைக்கு. தினமும் விட்டார். மணிக்கட்டும் வீங்கியது.

“அவிய பசியோட கெடப்பாவளேன்னு இருக்கு அண்ணாச்சி” என்றார் ஒருநாள். 

முதலாளியிடம் போனேன். “செஞ்சு காட்டினது அவதானே? நானா கூட்டி எழுதினேன்?” என்றார். கெஞ்சிக் கூத்தாடி மறுபடி அளக்கச் சம்மதம் வாங்கினேன். அந்த அம்மாவிடம் நாலு தடவை சொன்னேன்: “எம்மா, தெனம் செய்யுத மாதிரியே செய்யுங்க. நடுவுல தண்ணி குடிங்க. கைய உதறுங்க.” எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆலோசகர் வந்து சேர்ந்ததே நாலரைக்கு மேல். வாட்ச் ஓடியது. முதல் பத்துத் துளை நிதானமாகப் போனது. ஆலோசகர் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான், கை பறக்க ஆரம்பித்துவிட்டது. நான் பின்னால் நின்று இருமினேன். கண்ணைக் காட்டினேன். தண்ணீர் பாட்டிலை மூக்குக்கு நேரே நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

எண்பத்தாறு.

ஓரமாக அழைத்துப்போய், “என்ன காரியம்மா செஞ்சிய?” என்று கத்தியேவிட்டேன்.

“ஆளு பாத்துக்கிட்டு நிக்கையில எப்படி அண்ணாச்சி மெதுவா செய்ய?” என்றார், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே. “வேல தெரியாதவன்னு நெனச்சிர மாட்டாவளா?”

அதற்குள் ஆலோசகர் எங்களிடம் வந்து, இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் பார்த்ததே இல்லை என்று கைதட்டினார். அந்த அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். மணி ஐந்து நாற்பது.