மூடியில் முட்டிய கெபாசிட்டர்

சூளகிரியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, ரோஜாக் குடில்களில் தண்ணீர் திறந்துவிடும் கருவிகளுக்குப் பவர் சப்ளை செய்து கொடுக்கிறது. முழுக்க நானே வடிவமைத்த முதல் போர்டு அதற்கானதுதான். வெளியே போகும் மின்னழுத்தம் துள்ளாமல் பிடித்து வைக்கும் கெபாசிட்டரில் தகராறு வந்தது. உருளையான எலக்ட்ரோலிட்டிக் வகை ஒன்றும், பக்கத்தில் சிறிய செராமிக் வகை ஒன்றும் போட்டிருந்தேன். உருளை மூடியில் முட்டியது. பெட்டிக்கு அச்சு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதால் மூடியை உயர்த்தவும் வழியில்லை.

"உருளையத் தூக்கிடும்மா. செராமிக்லயே நாலு போட்டா அதே அளவு வந்துடுதில்ல?" என்றார் மேலாளர். சாயங்காலத்துக்குள் மூடி மூடாவிட்டால் என் போர்டை ஒதுக்கிவிட்டுப் பழையதையே அனுப்புவதாகவும் சொன்னார்.

"வராதுங்க சார். அதுல போட்டிருக்கிற அளவு சும்மா இருக்கறப்ப. இருபத்திநாலு வோல்ட் ஏறினா பாதிகூட மிஞ்சாது."

"செஞ்சவன் எழுதினதயே நம்ப மாட்டியா? உங்க ஊட்ல எல்லாரும் இப்படித்தானா?"

"எங்க ஊட்ல எழுத்துப் படிச்சதே நான் ஒருத்திதாங்க சார். அதனால செஞ்சவன் குடுத்த விவரத் தாள்ல அடியில இருக்கிற வரைபடம் வரைக்கும் படிச்சிடுவேன்."

அவர் சிரித்துவிட்டார். அவர் சொன்னபடியே நான்கு செராமிக்கைப் போட்டு, மேசையில் இருந்த கருவியின் தண்ணீர் வால்வைத் திறந்து காட்டினேன். ஆசிலோஸ்கோப் திரையில் மின்னழுத்தத்தைக் காட்டும் கோடு பள்ளத்தில் விழுந்தது. கருவி அணைந்து மறுபடி எழுந்தது. தோட்டத்தில் இப்படி ஆனால் தண்ணீர் பாதியில் நின்றுபோகும். என் உருளையைத் திரும்ப வைத்தேன். கோடு லேசாக அசைந்ததோடு சரி.

"அது சரிம்மா. மூடி?"

உருளையின் கால்களை வளைத்துப் படுக்க வைக்கலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் அது சூடாகும் பக்கம். சூட்டில் உருளைக்குள் இருக்கும் திரவம் சீக்கிரம் வற்றிவிடும். கனெக்டர் பக்கம் இருந்த ஒடுங்கிய இடத்தில் சாய்த்தேன்.

சால்டர் வைக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏம் பாப்பா, நிக்க மாட்டேங்குதா?"

"நிக்கும்க்கா. நின்னா எனக்கு வேலை நிக்காது."

மூடி பொருந்தியது. மேலாளர் அதைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். "படத்த மாத்திக் குடும்மா, இதுவே போவட்டும்" என்றார்.

ஹைவேயில் லாரி குலுங்கும். கால் ஒடியாதிருக்க உருளைக்கு அடியில் பசை வைக்க வேண்டிய இடத்தையும் படத்தில் குறித்துத்தான் கொடுத்தேன்.