தொலைந்த யாமோ

என் அம்மா இத்தாலி மொழியைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கற்றாள். ஓசூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் அவளுக்கு வேலை. புது மெஷின் பழக இரண்டு பேரை மூன்று மாதம் இத்தாலிக்கு அனுப்பப்போகிறார்கள், அதற்கு அந்த மொழியில் ஒரு பரீட்சை உண்டு என்றார்கள். பத்தாவதோடு பள்ளியை விட்டவள் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஷூ பெட்டி அட்டையை நறுக்கித் தமிழ் எழுத்தில் எழுதினாள். வேலை செய்வதற்கு ‘லவோர்’ என்று ஒரு பெரிய துண்டு. அதன் பின்னால் சேர்க்க ஆறு சின்னத் துண்டுகள். ‘ஓ’ வைத்தால் நான் வேலை செய்கிறேன், ‘யாமோ’ வைத்தால் நாங்கள் வேலை செய்கிறோம். தரையில் பரப்பி, ஷூவுக்குத் தோல் சேர்ப்பதுபோலச் சேர்ப்பாள். பிறகு ல-வோ-ரோ, ல-வோ-ரியா-மோ என்று அசை பிரித்துச் சொல்வாள். அசைக்கு ஒரு தட்டாகக் கைதட்டுவது என் வேலை.

மதுரைப் பக்கத்துக்காரரான அப்பா, “என்னடி, வீட்டுக்குள்ளயே சீட்டுக் கச்சேரி வச்சுட்டியா?” என்பார்.

“தமிழு, கன்னடம், தெலுங்கு மூணும் பேசறவளுக்கு நாலாவது ஒண்ணு பாரமா?” என்பாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள், சொல்லாமல் கொள்ளாமல் துண்டுகளைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். நாலாம் வகுப்பே என்னைச் சுற்றி நின்று கைதட்டியது. சாயங்காலம் பார்த்தால் ‘யாமோ’ இல்லை. அம்மா தோற்றால் அது என்னால்தான் என்று அழுதுகொண்டே அவளிடம் போய்ச் சொன்னேன்.

“போனா போவுது கண்ணு, மண்டையில இருக்குது,” என்றாள். துண்டு இல்லாத இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தெருமுனையிலிருந்தே கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டு வந்தாள். பாஸ்! எங்கள் அம்மா பிளேனில் போகிறாள் என்று வீடு வீடாக ஓடிச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அவள் கிளம்பும் நாளில் என் புத்தகப்பைக் கிழிசலுக்குள் ‘யாமோ’ கிடைத்தது. காரில் ஏறப்போனவளிடம் ஓடிப்போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஒரு அட்டை கிடைத்ததற்கா இவ்வளவு அழுகை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கார் திரும்பும்வரை கைதட்டிக்கொண்டே நின்றேன்.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிடும் இடத்தில், சீப்போடு அப்பா வந்து உட்கார்ந்தார்.