மேட்டைப் பார்த்து நின்ற ஸ்போர்ட்ஸ் கார்

இன்று எங்கள் மலையூர் ரிங்லெட்டின் தேநீர்க் கடைக்குக் கோலாலம்பூரிலிருந்து இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்தன. ஒரே பெயர், ஒரே சின்னம். ஒன்று ஐம்பது வயதுக் கிழம். மற்றது, அதே பெயரில் இப்போது புதிதாக வந்திருப்பது.

"பேர மட்டும் ஒட்டிட்டானுங்க லா. இதுக்கு உயிரே இல்ல," என்றார் பழையதின் சொந்தக்காரர்.

"உயிர் இல்லாட்டி என்னண்ணே, ஸ்டார்ட் ஆவுதே," என்றார் புதியதின் சொந்தக்காரர்.

கிளம்பும்போது பழையது ஸ்டார்ட் ஆகவில்லை.

தள்ளிவிட ஆறு பேர் இருந்தோம். கார் மேட்டைப் பார்த்து நின்றது. பின்னால் வாய்க்கால். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழைய ஜீப்பை எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவோம். பேட்டரி செத்தாலும் உருட்டிக் கிளப்பிவிடலாம்.

"ஏண்ணே இப்படி நிப்பாட்டுனீங்க?"

"போட்டோவுல பின்னால தேயில வரணும்ல, தம்பி."

மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. பழைய கார் அண்ணன் புதிய காரில் ஏறி உட்கார்ந்தார். ஹீட்டரைக் கூட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கி என்னிடம் சொன்னார்:

"இருந்தாலும் தம்பி, இதெல்லாம் கார் இல்ல லா."

நண்பர்களே, பழையதா, புதியதா, நீங்கள் எந்தப் பக்கம்? நான் பள்ளத்துப் பக்கம்.