ரிசைனா, ரீ-சைனா?

போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம், டீயை வாயில் வைக்கும் நேரத்தில் சேவியர் வந்தார். ராயபுரத்தில் எனக்கு எதிர்வீடு. எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பதினோரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் — கான்ட்ராக்டில்தான்.

செல்போனை நீட்டினார். “இந்த லெட்டர்ல இங்கிலீஷ் கரீட்டா கீதா பாரு சார். காலைல ஆபீஸ்ல குட்த்துட்டேன். தப்பு கிப்பு இருந்தா மானம் பூடும்.”

படித்தேன். தூக்கிவாரிப் போட்டது. ராஜினாமாக் கடிதம்!

“ஏன் சேவியர்... வேற வேலை கெடைச்சிடுச்சா?”

“அட, நீ வேற சார்! அவங்கதான் எழுதச் சொன்னாங்கோ. எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல வந்துச்சு. முரண்டு புடிச்சா வேற யார்டுலயும் சேத்துக்க மாட்டாங்கோ. வூட்ல இன்னும் சொல்லல சார்...” டீயைக் கீழே வைத்தேன்.

மெசேஜைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் ‘ரிசைன்’ செய்ய வேண்டும். அடுத்த வரியில் — புது கான்ட்ராக்ட் ஃபாரம் ஆபீஸில் ரெடி. வேலையை விடுகிறவருக்கு எதற்குப் புது ஃபாரம்?

உடனே ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பதறிப்போனார். “ஐயையோ, அது ரீ-சைன் சார்! கான்ட்ராக்ட் முடியுதுல்ல, திரும்ப ஒரு கையெழுத்து போடணும். இங்கிலீஷ்ல அடிக்கும்போது நடுவுல ஒரு கோடு போட மறந்துட்டேன்!”

ஒரு சின்னக் கோடு. அதற்குள் சேவியரின் பதினோரு வருடம்!

இந்த ‘ரீ’ விவகாரமே விசித்திரமானது. ‘ரீ’ என்றால் ‘மறுபடி’ என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ரீசார்ஜ், ரீஃபில், ரினியூ... சரி. ரிஜெக்ட்? ரிடையர் என்றால் மறுபடி டயர் மாட்டுவதா? அகராதியைப் புரட்டினால், ‘பின்னால்’ என்றும் அதற்கு ஓர் அர்த்தம் உண்டாம். ரிஜெக்ட் — பின்னால் தள்ளுவது. ரிடையர் — பின்வாங்குவது. ஆக, அதே ‘ரீ’ சில சமயம் நம்மைத் திரும்பக் கூப்பிடுகிறது, சில சமயம் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. எப்போது எது என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

அதெல்லாம் இருக்கட்டும், கொடுத்த கடிதம்? மறுநாள் இருவரும் ஆபீஸுக்குப் போனோம்.

“லெட்டர் ரிசீவ் ஆயிடுச்சே சார்,” என்றார் மேனேஜர். “வாபஸ் வேணும்னா ரிக்வெஸ்ட் குடுங்க. ரிவ்யூ பண்ணி ரிப்ளை பண்றோம்.”

தப்பு செய்தது அவர்கள். கெஞ்ச வேண்டியது நாங்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேவியர் என் கையை அமுக்கினார். வாயை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புது ஃபாரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வேலை தப்பியது.

கேட்டைத் தாண்டி வந்ததும் சேவியர் நின்றார்.

“வேல இல்லன்னு சொல்லும்போது மட்டும் ‘வி ரிக்ரெட்’னு எழுதுறாங்கோ. அவங்க தப்பு பண்ணா, அத்த எழுத மாட்டாங்களா சார்?”